துக்கம் தீண்டாத பால்

எவோரா அரண்மனை
நவம்பர் 12, புனித மார்த்தீன் திருநாளுக்கு மறுநாள்

அன்புள்ள கணவருக்கு,

உயிரோடு வந்து சேர்ந்தேன். என்னைச் சுமந்துவந்த கோவேறு கழுதையும் உயிரோடுதான் இருக்கிறது. எங்கள் இருவரில் யாருக்கு இடுப்புவலி அதிகம் என்றுதான் தெரியவில்லை.

உங்கள் ஆசை பலித்துவிட்டது. இளவரசருக்குப் பால் கொடுக்க என்னைத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். மொத்தம் ஐந்து பெண்கள் வந்திருந்தோம். அரண்மனை வைத்தியர் மெந்தோ ஒவ்வொருத்தியின் பாலிலும் ஒரு சொட்டைத் தன் கட்டைவிரல் நகத்தில் விட்டு, நகத்தைச் சாய்த்துப் பார்த்தார். ஓடினால் தண்ணீர்ப்பால், ஒட்டினால் கெட்டிப்பால். என்னுடையது ஓடவும் இல்லை, ஒட்டவும் இல்லையாம். நிதானமாக நடந்து போயிற்றாம். பெஜாவிலிருந்து வந்தவளுக்கு மூக்கில் புள்ளிகள் இருந்ததால், "இளவரசர் மூக்கிலயும் முளைச்சிரும்" என்று திருப்பி அனுப்பிவிட்டார்.

கடைசியாகத் தோனா மெசியா வந்தார். இளவரசரின் அறைகளுக்கெல்லாம் அவர்தான் தலைவி. "உனக்குக் கோபம் வருமா?" என்று கேட்டார்.

"எனக்கா? அது எப்படி இருக்கும்னே தெரியாதும்மா" என்றேன். நீங்கள் பக்கத்தில் இல்லாதது நல்லதாயிற்று. சிரித்து என்னைக் காட்டிக்கொடுத்திருப்பீர்கள்.

இங்கே எனக்குப் பூண்டு கூடாது, வெங்காயம் கூடாது, உப்புக் கருவாடு கூடாது, கோபம் கூடாது, துக்கம் கூடாது, கணவன் கூடாது. எதைத் தொட்டாலும் பால் கெட்டுவிடுமாம்.

இளவரசர் பெயர் தோம் கார்சியா. இவருக்கு முன் பிறந்த மூன்று பிள்ளைகளும் தொட்டிலைத் தாண்டவில்லை. இவரும் போனால் பக்கத்து நாட்டு ராஜா, அந்தக் காஸ்தீல்காரன் வந்து சிம்மாசனத்தில் உட்கார்ந்துவிடுவான் என்று அடுப்படி வரைக்கும் பேச்சு. ராஜ்யமே என் பாலை நம்பிக் காத்திருக்கிறது. இளவரசருக்கோ இதெல்லாம் தெரியாது. குடிக்கிறார், ஏப்பம் விடுகிறார், தூங்குகிறார்.

நம் கியோமாருக்கு மூன்று மாதம்கூட முடியவில்லை. பக்கத்து வீட்டு வியோலாந்தியின் பால் அவளுக்கு ஒத்துக்கொள்கிறதா? எழுதுங்கள். என்னை அனுப்பியது நீங்கள்தான். இதைக் கோபத்தில் சொல்லவில்லை, கோபம் எனக்குத் தடை.

பிரித்தெஸ்

•

அல்காசர்
நவம்பர் 30

என் பிரித்தெசுக்கு,

நானா அனுப்பினேன்? பாதிரியார் ஆல்வாரோ நம் வீட்டு நலம் விசாரித்தார். "பாலுக்கென்ன குறைச்சல் சாமி, எம் பொண்டாட்டி ஒரு படையையே வளர்ப்பா" என்று பெருமைக்கு ஒரு வார்த்தை சொன்னேன். அது பிஷப் காதுக்குப் போய், அரசர் காதுக்குப் போய், அரண்மனை ஆட்கள் வாசலில் வந்து நிற்பார்கள் என்று யார் கண்டது? நம் அரசரிடம் ஒரு மனு போய்ச் சேர ஏழு வருஷம் ஆகும். என் வாய்ச்சவடால் மட்டும் ஒரே வாரத்தில் போய்விட்டது.

பூண்டு, வெங்காயம், கணவன் என்று வரிசையாக எழுதியிருக்கிறாய். நான் என்ன பூண்டா? சடங்கு சம்பிரதாயத்தோடு கட்டிக்கொண்டவன். பார்க்கக்கூடவா கூடாது?

இங்கே ஓயாத மழை. கூடத்தில் மூன்று இடத்தில் ஒழுகுகிறது. கியோமார் பகலெல்லாம் உன்னைத் தேடி அழுகிறாள். வியோலாந்தி நல்லவள்தான், பால் கொடுக்கிறாள். ஆனால் வாய் ஓயாது. அவள் புருஷன் ஏன் இந்தியக் கப்பலில் ஏறி ஓடினான் என்று இப்போதுதான் புரிகிறது.

ஒரே ஒரு நல்ல விஷயம். ஊரில் எல்லோரும் என்னை "இளவரசரோட பாலப்பா" என்கிறார்கள். உப்புக் கிடங்கில் கணக்கெழுதுகிற நான், கோயிலில் முதல் வரிசையில் நீதிபதி பக்கத்தில் உட்காருகிறேன். அவர் தள்ளி உட்காருகிறார். நான் இன்னும் நெருங்கி உட்காருகிறேன்.

உன் கணவன்
பெல்ஷியோர்

•

எவோரா
டிசம்பர் 13

அன்புள்ள கணவருக்கு,

கடிதம் கிடைத்தது என்று சொல்லவா, கடிதத்தின் ஓட்டைகள் கிடைத்தன என்று சொல்லவா? எனக்கு வருவதையெல்லாம் தோனா மெசியா முதலில் படிக்கிறார். என்னைக் கலங்கடிக்கும் வரிகளைக் கத்தரித்து எடுத்துவிடுகிறார். எனக்கு மிஞ்சியது இவ்வளவுதான்: "என் பிரித்தெசுக்கு", "நான் என்ன பூண்டா", "மழை", "நல்லவள்தான்", "உன் கணவன்". இதையே திரும்பத் திரும்பப் படித்தேன். யார் நல்லவள்? ஏன் நல்லவள்?

"ஒரு பொட்டுக் கவலை போதும்மா, நேரா இளவரசர் வயித்துல போய் இறங்கிடும். உன் புருஷனைச் சந்தோஷமா எழுதச் சொல்லு" என்கிறார் தோனா மெசியா. ஆகவே தயவுசெய்து சந்தோஷமாக எழுதுங்கள். என்ன நடந்தாலும் சந்தோஷமாக எழுதுங்கள். இல்லாவிட்டால் எனக்கு வெறும் சன்னல்தான் வந்து சேரும்.

இளவரசருக்குத் துணி சுற்றிக் கட்டுவது பிடிக்கவில்லை. நான்கு சீமாட்டிகள் சுற்றுகிறார்கள், ஒரு காலை வெளியே நீட்டிவிடுகிறார். அந்தக் காலை உள்ளே தள்ள யாருக்கு உரிமை என்று அவர்களுக்குள் சண்டை. யார் பெரிய குடும்பமோ அவர்தான் தள்ள வேண்டுமாம். அதுவரை கால் வெளியே காற்று வாங்குகிறது.

பிரித்தெஸ்

•

அல்காசர்
ஜனவரி 7

மிகவும் மகிழ்ச்சியான என் பிரித்தெசுக்கு மிகவும் மகிழ்ச்சியான பெல்ஷியோர் எழுதுவது.

நம் வீட்டில் எல்லாமே ஆனந்தம். கூடத்துக் கூரை கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் உற்சாகம் தாங்காமல் கீழே இறங்கிவந்தது. இப்போது வீட்டுக்குள் நல்ல வெளிச்சம். நம் கழுதை வயதான காலத்தில் எல்லாக் கவலையும் விட்டு நிம்மதியாகப் படுத்தது. இன்னும் எழுந்திருக்கவில்லை, அவ்வளவு நிம்மதி. உன் அக்கா என்னுடன் பேசுவதை நிறுத்திவிட்டாள். வீடு எவ்வளவு அமைதி தெரியுமா?

கியோமார் இப்போதெல்லாம் அழுவதே இல்லை. சாதுவாகக் கண்ணை மூடிப் படுத்திருக்கிறாள். குளிர்காலத்தில் பக்கத்தில் அடுப்பே வேண்டாம், அவ்வளவு கதகதப்பாக இருக்கிறாள். வியோலாந்தி அவளை விட்டு அசைவதில்லை. பேச்சைக்கூடக் குறைத்துக்கொண்டாள். பாதிரியார் ஆல்வாரோவும் அன்போடு வந்து பார்த்துவிட்டு, எண்ணெய்ச் சிமிழை மறந்தவர்போல இங்கேயே வைத்துவிட்டுப் போனார்.

இன்னொன்று. உப்புக் கிடங்கு அதிகாரி இந்த வருஷம் ஓய்வு பெறுகிறார். அந்தப் பதவி எனக்கு எவ்வளவு பொருத்தம் என்று ஒரு சின்ன மனு எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். இளவரசர் நல்ல மனநிலையில் இருக்கும்போது காதில் போட்டு வை.

ஆனந்தமான
பெல்ஷியோர்

•

எவோரா
ஜனவரி 19

பெல்ஷியோர்,

"எவ்வளவு சந்தோஷமான குடும்பம்!" என்று மெச்சிக்கொண்டே தோனா மெசியா உங்கள் கடிதத்தை ஒரு வெட்டும் இல்லாமல் கொடுத்தார். கூரை விழுந்ததைப் படித்துச் சிரித்தேன். கழுதைக்காகக் கொஞ்சம் வருத்தப்பட்டேன். பிறகு கியோமாருக்கு வந்தேன்.

என் மகள் அழவில்லையா? பிறந்த நிமிஷத்திலிருந்து அவள் அழாமல் இருந்தது எப்போது? அடுப்புப்போல் ஏன் கதகதப்பாக இருக்கிறாள்? வியோலாந்தி வாயை மூடும் அளவுக்கு என்ன நடந்தது? சாகக் கிடப்பவர்களுக்குப் பூசுகிற எண்ணெய்ச் சிமிழ் எதற்கு? நான் என்ன முட்டாளா?

அன்று பால் கொடுத்தேன். இளவரசருக்கு வயிறு வீங்கிவிட்டது. அப்படி ஓர் அலறல். மெந்தோ ஓடிவந்து என் நாடியைப் பிடித்தார். "யாரு இவளைக் கோபப்படுத்தினது?" என்று கத்தினார். அரண்மனையே என்னைக் குளிர்விக்கக் கிளம்பிவிட்டது. ஆளுக்கொரு தந்தி வாத்தியத்தைத் தூக்கிக்கொண்டு மூன்று பேர் வந்து என் எதிரே உட்கார்ந்து வாசித்தார்கள். ஒருவன் என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வாசித்தான். அவன்மேல் செருப்பை எறிந்தேன். குறி தப்பவில்லை. இசை நின்றது.

பிறகு தோனா மெசியாவிடம் உண்மையைச் சொன்னேன். "எனக்குக் கோபம் வரும்மா. பயங்கரமா வரும். எம் பொண்ணு இருக்காளா இல்லையான்னு தெரியாம ஒரு சொட்டு இறங்காது."

அவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். இந்தக் கடிதத்தைக் கொண்டுவருபவன் அரசரின் குதிரைவீரன். அவனிடம் உண்மையைச் சொல்லுங்கள். சந்தோஷம் ஒரு துளியும் கலக்காத உண்மை.

பிரித்தெஸ்

•

அல்காசர்
ஜனவரி 22

பிரித்தெஸ்,

குதிரை வாசலில் நுரை தள்ளிக்கொண்டு நிற்கிறது. ஊரே கூடிவிட்டது. அரசர் படையோடு வருகிறார் என்று நினைத்து நீதிபதி உடை மாற்ற ஓடியிருக்கிறார்.

உண்மை இதுதான். கியோமாருக்குக் கடும் காய்ச்சல். கண் திறக்கவில்லை, பால் குடிக்கவில்லை. நான் அந்தக் கடிதம் எழுதியபோது அவள் பிழைப்பாள் என்று எனக்கே நம்பிக்கை இல்லை. வேறு எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. ஒவ்வொரு "ஆனந்தமும்" எழுதிவிட்டு எழுந்துபோய் அவள் மூச்சு வருகிறதா என்று பார்த்துவிட்டு வந்து அடுத்ததை எழுதினேன்.

இப்போது காய்ச்சல் இல்லை. இறங்கிவிட்டது. அரசரின் வீரன் கண்ணால் பார்த்துச் சாட்சி சொல்லக் குழந்தையைக் கையில் வாங்கினான். அவன் மேலங்கி நிறைய வாந்தி எடுத்துவிட்டு, வீடே அதிர அழுதாள். இதைவிட நல்ல செய்தி என்னிடம் இல்லை.

பெல்ஷியோர்

•

எவோரா
மார்ச் 8

அன்புள்ள கணவருக்கு,

குதிரைவீரன் மேலங்கியைக் கழுவாமலே திரும்பி வந்தான். தோனா மெசியா மூக்கைப் பிடித்துக்கொண்டு, "இது நல்ல ஜீரணத்தோட வாசனை" என்று தீர்ப்பு சொன்னார். நான் அந்தத் துணியை வாங்கி முகர்ந்து பார்த்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது. அன்று பிற்பகலே இளவரசரின் வயிறு சரியாகிவிட்டது. தன்னுடைய சாமந்திக் கஷாயம்தான் காரணம் என்று மெந்தோ எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். சொல்லிவிட்டுப் போகட்டும்.

உங்கள் மனுவை இளவரசரிடம் சேர்த்தேன். காதில் முழுவதும் படித்தேன். மிகவும் கவனமாகக் கேட்டார். பிறகு வாங்கி வாயில் போட்டுக்கொண்டார். உங்கள் முப்பாட்டனார் சேவுத்தா போரில் காயம்பட்ட பத்தி முழுவதும் உள்ளே போய்விட்டது. மிச்சத்தை இத்துடன் அனுப்பியிருக்கிறேன், ஈரம் காய்ந்ததும் பிரியுங்கள்.

ஒரு நல்ல சேதி. உயிர்த்த ஞாயிறு கழிந்து நீங்கள் கியோமாரைத் தூக்கிக்கொண்டு வரலாம். ஆரஞ்சுத் தோட்டத்தில் நிற்க வேண்டும். நான் மாடிச் சன்னலில் நிற்பேன். பேசக் கூடாது. கண்ணீர் விடக் கூடாது. மெந்தோ என் நாடியைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்பார். அது துள்ளினால் சன்னல் மூடப்படும்.

பிரித்தெஸ்

•

அல்காசர்
ஏப்ரல் 21

என் பிரித்தெசுக்கு,

உன்னைப் பார்த்தேன். அரண்மனைச் சாப்பாட்டில் கன்னத்தில் சதை வைத்துவிட்டது உனக்கு. நானும் நல்ல சட்டை போட்டிருந்தேன், கவனித்தாயா?

இளவரசரையும் பார்த்தேன். சொன்னால் நம்பமாட்டாய், நான் ஏதோ பெரிதாக எதிர்பார்த்திருந்தேன். அல்கார்வ் முதல் கொச்சி வரை இவருக்காக மணியடிக்கிறார்கள், மிளகுக் கப்பலுக்கெல்லாம் இவர்தான் வாரிசு. பார்த்தால் உன் தோளில் ஒரு சின்னத் தலை. மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. நீ புறங்கையால் துடைத்தாய். நம் பெண்ணுக்குத் துடைப்பாயே, அதே மாதிரி. எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது. அவரிடம் போய் உப்புக் கிடங்கைக் கேட்டோமே என்றிருந்தது.

உன் கண் கியோமார்மேல் இருந்தது. உடம்பு மட்டும் இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டிருந்தது, அந்தக் குழந்தையைத் தூங்க வைக்க. எவ்வளவு நேரம் அப்படி ஆடினாய்! மேலே அவர் தூங்கினாரோ இல்லையோ, கீழே என் கையில் கியோமார் உன்னையே பார்த்துக்கொண்டு தூங்கிப்போனாள்.

கிளம்பும்போது முத்தம் பறக்கவிட்டேனே, கிடைத்ததா? ஒன்றுக்கு மூன்றாக விட்டேன்.

பெல்ஷியோர்

•

எவோரா
ஜூன் 15

அன்புள்ள கணவருக்கு,

கிடைக்கவில்லை. நீங்கள் முத்தம் விடுவதற்குள் என் நாடி துள்ளிவிட்டது, என்னை உள்ளே இழுத்துவிட்டார்கள். மூன்றையும் வாங்கிக்கொண்டது அடுத்த சன்னலில் நின்ற தோனா மெசியா. அறுபது வயதில் அப்படி முகம் சிவந்து நான் யாரையும் பார்த்ததில்லை. அன்றிலிருந்து, "உன் புருஷன் எழுதலையா? ஏன் இன்னும் எழுதலை?" என்று கேட்கிறார்.

சென்ற வாரம் விசுவாசப் பிரமாணம். நாட்டின் பெரிய மனிதர்களெல்லாம் மண்டியிட்டு, இவர்தான் எங்கள் வருங்கால அரசர் என்று சத்தியம் செய்தார்கள். நான் நாற்காலிக்குப் பின்னால், திரைக்குள் ஒளிந்தபடி, அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கிழப் பிரபு ஒருவர் கையை முத்தமிடக் குனிந்தார். நம்மவர் அவர் தாடியைப் பிடித்துக்கொண்டார். விடவில்லை. சத்தியம் நீளமானது. பிரபு முழுவதையும் குனிந்த தலையோடு சொல்லி முடித்தார். "இவ்வளவு பணிவா யாரும் சத்தியம் செஞ்சதில்லை" என்று அரசர் பாராட்டினாராம்.

யாராவது தும்மினால் இளவரசர் விழுந்து விழுந்து சிரிக்கிறார். அவரைச் சிரிக்க வைக்கச் சீமாட்டிகளெல்லாம் மிளகுத் தூளோடு அலைகிறார்கள்.

முதல் வார்த்தையும் வந்துவிட்டது. "மா" என்றார். சோதிடர் அதைக் கேட்டுவிட்டு, "மொரோக்கோ! மொரோக்கோவைப் பிடிக்கப் போறார்!" என்று அரசரிடம் ஓடினார். இளவரசர் சொன்னதோ என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, என்னைப் பார்த்து. நான் வாயைத் திறக்கவில்லை. மகாராணி அங்கேதான் நின்றுகொண்டிருந்தார். அவர் எப்போதாவதுதான் வருவார். வந்தாலும் தூரத்தில் நிற்பார். தூக்கினால் குழந்தை அழும். கீழே விட்டுவிட்டுப் போய்விடுவார். மூன்று பிள்ளைகளைப் பறிகொடுத்தவர், நான்காவதைத் தொடவே பயப்படுகிறார் என்று தோனா மெசியா சொன்னார்.

பிரித்தெஸ்

•

அல்காசர்
ஆகஸ்டு 2

என் பிரித்தெசுக்கு (தோனா மெசியாவுக்கும் வணக்கம்),

கூரை போட்டாயிற்று. உன் அக்கா மறுபடி பேசத் தொடங்கிவிட்டாள், அமைதி போயிற்று. கோயிலில் நீதிபதியும் நானும் ஒருவரை ஒருவர் இடித்து இடித்து, போன ஞாயிறு அவர் பெஞ்சின் மறுமுனையிலிருந்து கீழே விழுந்துவிட்டார். பாதிரியார் பிரசங்கத்தை நிறுத்தி, "பாலப்பா, கொஞ்சம் தள்ளி உக்காருங்க" என்றார்.

கியோமார் நடக்கிறாள். நடக்கிறாள் என்பதைவிட, விழுகிற வழியில் கொஞ்ச தூரம் போகிறாள். அவளும் ஒரு வார்த்தை பேச ஆரம்பித்திருக்கிறாள். என்ன வார்த்தை, யாரைப் பார்த்து என்று எழுதப் போவதில்லை. எழுதினால் அந்த இடத்தில் உனக்கு ஓட்டைதான் வரும்.

பெல்ஷியோர்

•

எவோரா
அக்டோபர் 26

மிகவும் அன்புள்ள கணவருக்கு,

இங்கே எல்லோரும் மிகவும் நலம். அரண்மனையில் எப்போதும்போல ஆனந்தம். வானிலை இனிமையாக இருக்கிறது. இளவரசர் மிகவும் சாதுவாக இருக்கிறார். முன்போல் காலை நீட்டிக் குறும்பு செய்வதில்லை. யார் தும்மினாலும் தொந்தரவு இல்லை. நிறைய வைத்தியர்கள் அன்போடு வந்துபோகிறார்கள். சாலமன்காவிலிருந்துகூட ஒருவர் வந்திருக்கிறார். நாங்கள் அனைவரும் மகிழ்ச்சியாக இருக்கிறோம்.

உங்கள் மகிழ்ச்சியான
பிரித்தெஸ்

•

எவோரா, அரண்மனை வாசல்
அக்டோபர் 29

பிரித்தெஸ்,

இந்த மாதிரிக் கடிதம் எழுத உனக்குக் கற்றுக்கொடுத்தவனே நான்தான். என்னிடமேவா?

படித்த கையோடு கிளம்பிவிட்டேன். வாசலில் நிற்கிறேன். யாரையும் உள்ளே விடுவதில்லை. இளவரசருக்கு என்ன என்று கேட்டால், "அவருக்கென்ன, அருமையா இருக்கார்" என்கிறான் காவல்காரன். அவன் கண் சிவந்திருக்கிறது.

என்னைப் பார்க்க வேண்டாம். சன்னலுக்கு வர வேண்டாம். அவரை விட்டு நகராதே. நான் இங்கே இருக்கிறேன் என்று தெரிந்துகொள், அது போதும். கியோமார் நன்றாக இருக்கிறாள். இது சத்தியம், அந்தப் பழைய ஆனந்தம் இல்லை. உன்னிடம் இருக்கும் பயம் முழுவதையும் அந்தக் குழந்தைக்கே கொடு.

பெல்ஷியோர்

•

எவோரா
நவம்பர் 17

அன்புள்ள கணவருக்கு,

மணியோசை கேட்டு நீங்கள் வாசலிலேயே மண்டியிட்டீர்கள் என்றும், பிறகு கிடங்கு வேலைக்காக ஊர் திரும்ப வேண்டியதாயிற்று என்றும் காவல்காரன் சொன்னான். உங்கள் மேலங்கியைப் படிக்கட்டிலேயே விட்டுவிட்டீர்கள். அதைத்தான் போர்த்தியிருக்கிறேன்.

எல்லாம் மத்தியானத்தில் முடிந்தது. சாலமன்கா வைத்தியர் அட்டை வைக்க வேண்டும் என்றார், மெந்தோ கூடாது என்றார். இருவரும் லத்தீனில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். இளவரசர் அவர்களை ஒரு தரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். மொரோக்கோவைப் பிடிக்கவில்லை, என் விரலைத்தான் பிடித்துக்கொண்டிருந்தார். தாடியைப் பிடித்த மாதிரியே கெட்டியாக. அப்புறம் விட்டுவிட்டார். சண்டை போட்டவர்களுக்குக் கொஞ்ச நேரம் தெரியவே இல்லை.

அடுத்த மணி நேரத்திலிருந்து பெரிய மனிதர்களெல்லாம் காஸ்தீலுக்குக் கடிதம் எழுத ஆரம்பித்துவிட்டார்கள். மைக்கூடு கிடைக்கவில்லை என்று ஒருவர் என் அறைக்கே வந்து கேட்டார். துக்கம் பட்டால் பால் வற்றிவிடும் என்று சொன்னார்களே, அது பொய். நிற்காமல் சுரக்கிறது. வலி தணிய மார்பில் முட்டைக்கோஸ் இலை வைத்துக் கட்டியிருக்கிறேன். மெந்தோ என் முகத்தைப் பார்ப்பதில்லை.

என்னை உடனே அனுப்பியிருப்பார்கள். மகாராணிதான் நிறுத்தி வைத்தார். தினமும் கூப்பிட்டு உட்கார வைத்துக்கொள்கிறார். "எம் புள்ளையப் பத்திச் சொல்லு. எல்லாத்தையும் சொல்லு" என்கிறார். தும்மலைச் சொன்னேன், தாடியைச் சொன்னேன். சிரித்தார். சிரிப்பு நடுவில் அழுகையாகத் திரும்பிக்கொண்டது. அரண்மனையில் சத்தமாக அழக் கூடாது, வாசலில் காஸ்தீல் தூதர்கள் இருக்கிறார்கள் என்று அவர் வாயில் கைக்குட்டையைத் திணித்துக்கொண்டார்.

நேற்று கேட்டார்: "நான் தூக்கினா மட்டும் ஏன் அழுதான்?"

"உங்களைப் பாத்து அழலைம்மா. கழுத்துல போட்டிருக்கீங்களே அந்தப் பட்டை, அதுல இருக்குற கல்லு கன்னத்துல குத்துச்சு. நீங்க அந்தப் பக்கம் போனதும் கதவையே பாத்துக்கிட்டு இருப்பாரு. முதல் முதல்ல 'மா'ன்னு சொன்னதும் உங்களைப் பாத்துத்தான்."

கல் குத்தியது உண்மை. மற்றதை நானாகச் சொன்னேன். அந்த ஒரு வார்த்தைதான் எனக்கென்று இருந்தது. அதையும் கொடுத்துவிட்டேன். அவர் கழுத்துப் பட்டையைக் கழற்றிக் கீழே போட்டுவிட்டு, என் மடியில் தலை வைத்துக்கொண்டார். தோனா மெசியா எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

அடுத்த வாரம் என்னை விட்டுவிடுவார்கள். வீட்டுக்கு வரப் பயமாக இருக்கிறது. கியோமாரைப் பற்றி உண்மையை எழுதுங்கள். இனி யாரும் கத்தரிக்க மாட்டார்கள்.

பிரித்தெஸ்

•

அல்காசர்
நவம்பர் 21

என் பிரித்தெசுக்கு,

உண்மையை எழுதுகிறேன்.

கியோமாருக்கு எட்டுப் பல். ரொட்டியைச் சூப்பில் ஊறவைத்துக் கொடுத்தால் சாப்பிடுகிறாள். பால் மறந்து ஒரு மாதம் ஆகிறது. "மா" என்று அவள் சொல்வது வியோலாந்தியை. நீ வந்து நின்றால் வியோலாந்தியின் பாவாடைக்குப் பின்னால் ஒளிந்துகொள்வாள். நீ தூக்கினால் கத்துவாள். அன்றும் கத்துவாள், மறுநாளும் கத்துவாள். எத்தனை நாள் என்று எனக்குத் தெரியாது. வியோலாந்தி இதை நினைத்து இப்போதே அழுகிறாள். குழந்தையை உன்னிடம் திருப்பிக் கொடுக்க வேண்டுமே என்று ஒரு அழுகை, நீ அவளைத் தப்பாக நினைப்பாயோ என்று இன்னொரு அழுகை. "அக்கா வர்றப்போ நான் வீட்டுல இருக்கட்டுமா, எங்கயாச்சும் போயிடட்டுமா?" என்று கேட்டாள். இரு என்று சொல்லியிருக்கிறேன். சரிதானே?

ஞாயிற்றுக்கிழமை நானாகவே கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் நீதிபதி எழுந்துவந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். இடிக்கவில்லை. பூசை முடிந்ததும், "சின்னப் புள்ளைங்க" என்றார். அவருக்கும் ஒரு பையன் இருந்தான் என்பது எனக்கு அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

உப்புக் கிடங்குப் பதவி வேறு ஒருவருக்குப் போயிற்று. நல்ல மனிதர். கணக்குத் தெரியாது, நான் இருக்கிறேன்.

ஒரு கோவேறு கழுதை பிடித்துக்கொண்டு சனிக்கிழமை நானே வருகிறேன். வழியில் நீ பேச வேண்டாம். பேசினாலும் சரி. அவரைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் சொல், மகாராணிக்குச் சொன்ன மாதிரி இல்லாமல், நடந்ததை நடந்தபடி. அந்த வார்த்தை உன்னுடையதுதான் என்று நான் தெரிந்துவைத்திருக்கிறேன், ஒருவனுக்குத் தெரிந்தால் போதும்.

வீட்டுக்கு வந்ததும் கியோமார் அழுவாள், வியோலாந்தி அழுவாள், நீ அழுவாய், எனக்கும் வரும். வாய்விட்டு அழு, பிரித்தெஸ். தூதர் யாரும் நம் வாசலுக்கு வருவதில்லை. தெருவே கேட்டாலும் பரவாயில்லை.

பெல்ஷியோர்